லைவ் ஏன் சுற்றுகிறது, தெரியுமா?

நேரலை என்றதும் செல்போனும் யூடியூபும்தானே நினைவுக்கு வருகின்றன? 1881-லேயே பாரிஸில் நேரலை நடந்துவிட்டது, தெரியுமா? கிளெமான் அதேர் என்ற பொறியாளர் பாரிஸ் ஓபரா மேடையில் தொலைபேசி மைக்குகளை வரிசையாக வைத்தார். அங்கே பாடியதை, நகரில் நடந்த மின்சாரக் கண்காட்சிக்கு வந்தவர்கள் காதில் குழலை வைத்துக் கேட்டார்கள். அதுவும் ஆளுக்கு இரண்டு குழல்! இடக்காதுக்கு ஒரு மைக், வலக்காதுக்கு வேறொரு மைக். பாடகர் மேடையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்தால், கேட்பவர் காதுக்குள்ளும் நடந்தார். 1890-ல் அது ‘தியாத்ரஃபோன்’ என்ற சந்தா சேவையாகி 1932 வரை ஓடியது. நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்ட் அதற்குச் சந்தா கட்டியவர்களில் ஒருவர்.

அன்றைக்கு ஒயர் அறுந்தால் கோளாறு எங்கே என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். இன்றைக்கு அப்படியில்லை. கல்யாண மண்டபத்தில் லைவ் போடுபவர், தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனையை அனுப்புபவர், வீட்டிலிருந்தே இணைய வானொலி நடத்துபவர் என எல்லோரும் ஒரே புகாரைத்தான் கேட்கிறார்கள்: “சுத்திக்கிட்டே இருக்குங்க, வரவே மாட்டேங்குது.” ஆனால் தோண்டிப் பார்த்தால், ஒவ்வொரு கோளாறுக்கும் அடியில் யாரோ என்றோ தீர்மானித்த ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது! சில எண்களுக்கு முப்பது வயது, சிலவற்றுக்கு எழுபது வயது. அந்த எண்ணைப் பிடித்துவிட்டால் கோளாறும் பிடிபட்டுவிடும்.

காபிப் பாத்திரமும் போக்குவரத்துக் கூம்பும்

உலகம் முழுக்கப் பேர் வாங்கிய முதல் வெப்கேமரா எதைக் காட்டியது தெரியுமா? ஒரு காபிப் பாத்திரத்தை! 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், மாடியேறிப் போய்ப் பார்த்தால் காபி தீர்ந்திருக்கும் என்ற ஒரே காரணத்துக்காகப் பாத்திரத்தின் மேல் கேமராவைத் திருப்பிவைத்தார்கள். படம் கறுப்பு வெள்ளை. அகலம் 128 புள்ளி, உயரம் 128 புள்ளி. 1993-ல் அது இணையத்துக்கு வந்ததும் உலகமே எட்டிப் பார்த்தது. 2001 ஆகஸ்டில் கேமராவை அணைத்த பிறகு, அந்தப் பழைய காபி இயந்திரம் ஏலத்தில் 3,350 பவுண்டுக்குப் போனது!

இன்னொரு கதை இன்னும் சுவாரஸ்யம். 1993 ஜூன் 24 அன்று, கலிஃபோர்னியாவில் கணினி விஞ்ஞானிகளே சேர்ந்து நடத்திய ‘சிவியர் டயர் டேமேஜ்’ என்ற ராக் குழு, ஜெராக்ஸ் நிறுவன ஆய்வகத்தின் முற்றத்தில் வாசித்ததை இணையத்தில் நேரலையாக விட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இருந்தவர் பார்த்தார்! அடுத்த ஆண்டு நவம்பரில் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ தங்கள் கச்சேரியை அதே வழியில் ஒளிபரப்ப வந்தபோது, யாரும் கூப்பிடாமலேயே இந்தக் குழு அவர்களுக்கு முன்னால் வாசித்து முடித்திருந்தது.

சரி, உங்கள் கணினியில் இருக்கிற வி.எல்.சி. பிளேயருக்கு ஏன் ஆரஞ்சு நிறக் கூம்பு படம்? 1996-ல் பாரிஸின் எக்கோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் விடுதிக்கு வேகமான நெட்வொர்க் வேண்டும் என்று நினைத்தார்கள். காரணம் காட்ட வேண்டுமே! செயற்கைக்கோள் டிவியை வளாகம் முழுக்க நெட்வொர்க் வழியாக அனுப்புகிறோம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். அதில் அனுப்பும் பகுதி ஒன்று, வாங்கிக் காட்டும் பகுதி ஒன்று. வாங்கும் பகுதிதான் இன்றைய வி.எல்.சி. தெருவிலிருந்து மாணவர்கள் சேகரித்துவைத்த போக்குவரத்துக் கூம்புகள்தான் அதன் சின்னமாயின. படம் பார்க்க மட்டும் என்று நாம் நினைக்கும் அந்த மென்பொருள் பிறந்ததே நேரலைக்காக! இன்றைக்கும் அதை மட்டும் வைத்தே ஒரு சின்ன நேரலையை நடத்த முடியும்.

100-க்கு மேல் ஒருவர் வந்தால் கதவு சாத்திக்கொள்ளும்!

ஒலி நேரலையில் ‘ஐஸ்காஸ்ட்’ என்றொரு சர்வர் இருக்கிறது. காசு கிடையாது, மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. ஜாக் மாஃபிட், பரத் ராகவன் என்ற இருவர் 1998 இறுதியை ஒட்டித் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இணைய வானொலிகள் இதன் மேல்தான் ஓடுகின்றன. மாதம் சில நூறு ரூபாய் வாடகை சர்வரிலேயே இதை ஓட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இதன் அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். மேலேயே இருக்கும், நேயர்கள் எத்தனை பேர் என்று: 100. நிறுவியபடியே விட்டுவிட்டால் 101-வது நேயருக்கு இடமில்லை. கோயில் திருவிழா அன்று “எனக்கு மட்டும் வரலை” என்று போன் வந்தால் நெட்டைத் திட்டுவதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்! கொஞ்சம் கீழே பாஸ்வேர்டு. தொடக்கத்தில் அது என்ன தெரியுமா? ‘ஹேக்மி’! என்னை உடைத்து உள்ளே வா என்று பொருள். பார்த்ததும் மாற்றிவிடு என்று அந்தச் சொல்லே சொல்கிறது. மாற்றாமல் விட்டால், உங்கள் வானொலியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஒலிபரப்பலாம். இது பயமுறுத்தல் இல்லை. உலகத்துக்கே தெரிந்த பாஸ்வேர்டு அது.

அடுத்த வரி இன்னும் விசேஷம். சர்வரின் பெயர் என்ற இடத்தில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றிருக்கும். அதற்கு ‘இதே கணினி’ என்று பொருள். அதை மாற்றாவிட்டால், நேயர் தரவிறக்கும் பட்டியல் கோப்பு “பாட்டு உன் கணினியிலேயே இருக்கிறது, அங்கே போய்க் கேள்” என்று அவரையே திருப்பிவிடக்கூடும்! சர்வரில் உட்கார்ந்து சோதிப்பவருக்குப் பிரமாதமாகப் பாடும். ஊரில் இருப்பவருக்குப் பாடாமல் போகலாம்.

நேயர் இணைந்ததும் பாட்டு சட்டென்று தொடங்குகிறதே, எப்படி? வந்தவரின் பிளேயர் காத்திருக்கக் கூடாதென்று ஐஸ்காஸ்ட் 65,535 பைட்டை மொத்தமாக அள்ளிக் கொடுத்துவிடுகிறது. விநாடிக்கு 128 கிலோபிட் (இதுதான் பிட்ரேட்) ஓடும் ஸ்ட்ரீமில் அது சுமார் 4 விநாடி ஒலி. அதாவது நேயர் எப்போதும் 4 விநாடி பழையதைத்தான் கேட்கிறார். பிட்ரேட்டை 64-ஆகக் குறைத்தால் தாமதம் 8 விநாடியாகிவிடும்! தரத்தைக் குறைத்தால் வேகம் கூடும் என்று நினைப்பவர்களுக்கு இது தலைகீழ் பாடம்.

தமிழ் வானொலி நடத்துபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் விஷயம் ஒன்றுண்டு. பாட்டின் பெயரைத் தமிழில் அடித்து அனுப்பினால், நேயரின் திரையில் தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும், வட்டத்துக்குள் இருக்கும் ‘ஆர்’ குறியும் மாறி மாறி வரிசைகட்டி நிற்கும். ஏன் எப்போதும் அதே இரண்டு குறிகள்? யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றேதான். இரண்டாவது பைட்டுக்கு இருப்பது இரண்டே வாய்ப்பு. எம்பி3 ஸ்ட்ரீம் என்றால் ஐஸ்காஸ்ட் அதை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பைட்டையும் ஒரு தனி எழுத்தாக வாசிக்கிறது. அதனால்தான் தமிழ் முழுக்க ஒரே அச்சில் வார்த்த குப்பையாகத் தெரிகிறது! அமைப்புக் கோப்பில், உங்கள் ஸ்ட்ரீமுக்கான பகுதியில், எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று ஒரே ஒரு வரி சேருங்கள். இளையராஜா பெயர் தமிழிலேயே தெரியும்.

கணக்கையும் போட்டுவிடுவோம். 128 கிலோபிட் என்றால் ஒரு நேயருக்கு ஒரு மணிக்கு 57.6 எம்பி. 100 நேயர்கள் 24 மணி நேரம் கேட்டால் 138 ஜிபி. மாதத்துக்கு நாலு டெராபைட்டைத் தாண்டும்! வாடகை சர்வர் எடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் மாத டேட்டா அளவைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

300-ல் ஒரு பங்கு

காட்சிக்கு வந்தால் எண்கள் மலைக்க வைக்கும். முழு எச்டி படம், விநாடிக்கு 30 ஃபிரேம். சுருக்காமல் அப்படியே அனுப்பினால் விநாடிக்கு சுமார் 150 கோடி பிட்! நாம் யூடியூபுக்கு அனுப்புவதோ 50 லட்சம் பிட் அளவில். 300-ல் ஒரு பங்கு. மீதி எல்லாம் எங்கே போயிற்று? படத்தைச் சுருக்கும் என்கோடர் ஒரு முழுப் படத்தை அனுப்பிவிட்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கு ‘எது மாறியது’ என்பதை மட்டும் அனுப்புகிறது. மணமேடைப் பின்னணி அசையவில்லை என்றால் அதைத் திரும்ப அனுப்பவே வேண்டாம். அட்சதை தூவும் அந்த விநாடியில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைகிறதே, கவனித்ததுண்டா? திரை முழுக்க ஆயிரம் அரிசிகள் ஆளுக்கொரு திசையில் பறக்கின்றன. மாறாதது எதுவுமே இல்லை. கொடுத்த பிட்ரேட் போதவில்லை. கேமராமேன் மேல் தப்பே இல்லை!

அந்த முழுப் படத்துக்குப் பெயர் கீஃபிரேம். நடுவில் வந்து சேரும் பார்வையாளர் அடுத்த கீஃபிரேம் வரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி பாதியில் இருக்கும்போது போனவர் அடுத்த பந்திக்கு நிற்பதுபோல. இங்கேதான் ஒரு பழைய எண் காலை வாருகிறது. எக்ஸ்264 என்ற புகழ்பெற்ற என்கோடரிடம் இடைவெளியைச் சொல்லாமல் விட்டால், 250 ஃபிரேம் வரைக்கும் ஒரு கீஃபிரேமோடு ஓட்டிவிடும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 10 விநாடி! கோப்பாகச் சேமிக்க அது சரி, நேரலைக்கு வேலைக்காகாது. நேரலை அனுப்ப உதவும் ஓ.பி.எஸ். மென்பொருளில் கீஃபிரேம் இடைவெளியை 2 விநாடி என்று வையுங்கள். “திறந்தால் வெறும் கறுப்புத் திரை” என்ற புகார்களில் பல இந்த ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடும்.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உலகின் பெரும்பாலான நேரலைகளுக்குள் எங்கோ ஓரிடத்தில் ‘எஃப்எஃப்எம்பெக்’ என்ற மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. 2000-ல் அதைத் தொடங்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார். அதே மனிதர்தான் 2009-ல் சாதாரண மேசைக் கணினியை வைத்துக்கொண்டு பை எண்ணின் மதிப்பை சுமார் 2.7 லட்சம் கோடி இலக்கங்கள் வரை கணக்கிட்டு உலக சாதனை படைத்தவர்! அந்த எஃப்எஃப்எம்பெக்கை நாம் ஒரு பைசா தராமல் பயன்படுத்துகிறோம்.

பக்கத்து வீட்டில் முன்னாடியே விக்கெட் விழுவது ஏன்?

செல்போனில் மேட்ச் பார்க்கிறீர்கள். பந்து இன்னும் பவுலர் கையில்தான் இருக்கிறது. டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் “அவுட்!” என்று சத்தம். இது கோளாறே இல்லை, தெரியுமா? 2009-ல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் என்ற முறை நேரலையைச் சின்னச் சின்னக் கோப்புகளாக வெட்டி, சாதாரண இணையதளப் பக்கங்களைப்போலவே அனுப்புகிறது. ஒரு துண்டு 6 விநாடி இருக்கட்டும் என்பது ஆப்பிளின் பரிந்துரை. பிளேயரோ கடைசித் துண்டைத் தொடாது; முடிவிலிருந்து மூன்று துண்டு அளவுக்குப் பின்னால் இருந்துதான் தொடங்க வேண்டும் என்பது விதி. மூவாறு பதினெட்டு விநாடி அங்கேயே போயிற்று! என்கோடரும் வழியில் உள்ள சர்வர்களும் தங்கள் பங்குக்கு எடுத்துக்கொண்டால் அரை நிமிடம்.

அப்படியென்றால் இது மட்டமான முறையா? இல்லவே இல்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை, இஸ்ரோவின் யூடியூப் சேனலில் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அதே சந்திரயான்! தலைக்கு 2 மெகாபிட் என்று வைத்தாலும் விநாடிக்கு 16 லட்சம் கோடி பிட். அதே ஆண்டு உலகக்கோப்பை கிரிக்கெட் இறுதிப்போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். எந்த ஒற்றை சர்வராலும் இதைத் தாங்க முடியாது. நேரலை சின்னக் கோப்புகளாக இருப்பதால்தான், ஊருக்கு ஊர் இருக்கும் இடைநிலை சர்வர்கள் ஒரு துண்டை ஒருமுறை வாங்கி, அந்தப் பகுதியில் கேட்கும் அத்தனை பேருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கின்றன. அந்த 18 விநாடி இதற்குக் கொடுக்கும் விலை. கேள்விக்கு உடனே பதில் வேண்டும், வகுப்பு நடத்த வேண்டும் என்றால் அரை விநாடிக்குள் போய்ச்சேரும் வெப்ஆர்டிசி என்ற முறை இருக்கிறது. ஆனால் அதில் கூட்டம் கூடக் கூட சர்வர் செலவு விறுவிறுவென ஏறும்.

செத்துப்போன தொழில்நுட்பம் ஒன்று இன்னும் நடமாடுவதும் இங்கேதான். ஃபிளாஷ் பிளேயருக்கு அடோபி 2020 டிசம்பர் 31-ல் முழுக்குப் போட்டது. ஆனால் ஃபிளாஷுக்காகப் பிறந்த ஆர்டிஎம்பி என்ற முறையில்தான் இன்றைக்கும் உங்கள் ஓ.பி.எஸ். பெரும்பாலும் யூடியூபுக்குப் படத்தை அனுப்புகிறது! அதன் கதவு (போர்ட்) எண் 1935. சொந்த சர்வரில் லைவ் ஏறவில்லை என்றால் முதலில் அந்த 1935 ஃபயர்வாலில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

26 மணி 30 நிமிடத்தில் என்ன நடக்கும்?

எல்லாவற்றிலும் என்னை மிக மிக வியக்க வைப்பது இதுதான். படத்தையும் ஒலியையும் சேர்த்துச் சுமக்கும் எம்பெக் ஸ்ட்ரீமுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது விநாடிக்கு 90,000 முறை துடிக்கும். ஏன் 90,000? சினிமாவின் 24 ஃபிரேம், நம் டிவியின் 25, அமெரிக்காவின் 30 என எதால் வகுத்தாலும் மீதி வராது! அமெரிக்காவின் விசித்திரமான 29.97-க்குக்கூட ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 3,003 துடிப்பு. எவ்வளவு யோசித்திருப்பார்கள்!

ஆனால் அந்தக் கடிகாரத்தை எழுத 33 பிட் இடம்தான். அதில் அடங்கும் கடைசி எண் வந்ததும் மறுபடி சுழியத்துக்குப் போய்விடும். அது எப்போது? 26 மணி 30 நிமிடம் 44 விநாடியில்! ஒருநாள் முழுக்கச் சோதித்து “அருமை” என்று தூங்கப்போனால், மறுநாள் அதிகாலையில் ஒலியும் ஒளியும் பிரிந்துபோகும், அல்லது படம் உறையும். நல்ல மென்பொருள் இந்தச் சுழற்சியைப் புரிந்துகொண்டு தாண்டிவிடும்; கவனமில்லாமல் எழுதியது தடுக்கி விழும். ஆர்டிஎம்பியின் கடிகாரத்துக்கும் இதே நிலைதான். அது 49 நாள் 17 மணி நேரத்தில் சுழியத்துக்குத் திரும்பும். 24 மணி நேர சேனல் நடத்துபவர்கள் கோளாறு வந்த நேரத்தை எழுதிவைத்தாலே போதும். தொடங்கிய நேரத்திலிருந்து கணக்கிட்டு 26 மணி 30 நிமிடம் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

அந்த 29.97 எங்கிருந்து வந்தது? 1953-ல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்கு மாறியபோது, வண்ண சிக்னலும் ஒலி சிக்னலும் மோதாமலிருக்க 30-ஐ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். எழுபது ஆண்டு கழித்து, மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவர் கேமராவை 29.97-லும் மென்பொருளை 30-லும் வைத்துக் கணக்குத் தப்பினால், மணிக்கு 3.6 விநாடி இடறும்!

நமக்கு அந்தத் தலைவலியே வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்துக் குழல்விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கேமரா 30 ஃபிரேம், ஷட்டர் 60-ல் ஒரு விநாடி என்றிருந்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டே இருக்கும். 25 அல்லது 50 ஃபிரேம், ஷட்டர் 50-ல் ஒரு விநாடி. பட்டை போயே போச்சு!

சுருதி ஏறுகிறதா? சத்தமே இல்லையா?

ஆடியோ சிடியின் 44,100 என்ற எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? வீடியோ டேப்பிலிருந்து! டிஜிட்டல் ஒலியைப் பதிய வேறு கருவி இல்லாத காலத்தில் வீடியோ ரெக்கார்டரில் பதிந்தார்கள். கோட்டுக்கு 3 மாதிரிகள், 245 கோடுகள், விநாடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள், 44,100! ஐரோப்பிய முறைப்படி 3, 294, 50 என்று பெருக்கினாலும் அதே 44,100 வரும். இந்தப் பொருத்தத்தைப் பார்த்து நான் ஒவ்வொரு முறையும் மலைத்துப்போகிறேன்.

வீடியோ உலகமோ 48,000-ஐப் பிடித்துக்கொண்டது. ஒரு கருவி 44,100 என்றும் அடுத்தது 48,000 என்றும் நினைத்தால், பாட்டு 8.8 சதவீதம் வேகமாக ஓடி, சுருதி சுமார் முக்கால் கட்டை ஏறிவிடும். கர்நாடக இசை கேட்பவர் உடனே முகம் சுளிப்பார். இரண்டு கருவிகளும் 48,000 என்றே சொன்னாலும் முழுக்க நம்ப முடியாது: இரண்டின் படிகங்களும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட மணிக்கு 0.18 விநாடி. ஐந்து மணி நேர நிகழ்ச்சி முடியும்போது கிட்டத்தட்ட ஒரு விநாடி! “ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு, போகப்போக வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்” என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆரம்பத்திலேயே தள்ளியிருந்தால் அது வேறு நோய். கேமராவின் முன்னால் கைதட்டி, தட்டுவது தெரியும் ஃபிரேமையும் கேட்கும் நொடியையும் ஒப்பிட்டு, ஓ.பி.எஸ்.ஸில் ஒலிக்குத் தாமதம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம்.

எவ்வளவு தள்ளினால் நமக்குத் தெரியும்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் இருக்கிறது: ஒலி முந்தினால் 45 மில்லிவிநாடியிலேயே தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தெரியாது. ஏன் இந்தப் பாரபட்சம்? இயற்கையில் ஒலி பிந்தித்தானே வரும்! மின்னலுக்குப் பிறகுதான் இடி. ஒலி முந்துவதை மனித மூளை பார்த்ததே இல்லை.

இனி நான் சொல்லப்போவது நிறையப் பேரைக் குழப்பிய மர்மம். ஹெட்ஃபோனில் கேட்டால் ஒலி வருகிறது. கணினியில் வருகிறது. ஊரில் பெரியம்மா செல்போனில் மட்டும் சத்தமே இல்லை! மிக்ஸரிலிருந்து வரும் பேலன்ஸ்டு கேபிளில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் போகும். ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. வழியில் சேரும் இரைச்சலைக் கழித்தெறிய அந்த ஏற்பாடு. அதை அப்படியே கேமராவின் ஸ்டீரியோ மைக் துளையில் செருகினால், நேரானது இடப்பக்கமும் தலைகீழானது வலப்பக்கமும் பதிவாகிவிடும். ஹெட்ஃபோனில் இரண்டும் தனித்தனிக் காதுக்குப் போவதால் தெரியாது. ஒரே ஸ்பீக்கர் உள்ள செல்போன் இரண்டையும் கூட்டும். கூட்டினால்? சுழியம்! நாதஸ்வரமும் தவிலும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மாயமாகிவிடும். அவசரத்தில் ஓ.பி.எஸ்.ஸில் ‘மோனோ’வை டிக் செய்தால் எல்லோருக்குமே போய்விடும். கம்பி ஒன்றை மட்டும் எடுக்கும் சரியான கேபிளைப் போடுவதுதான் மருந்து.

செல்போனில் சத்தம் இல்லாததற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. குரோம், பயனர் தொடாமல் தானே ஓடும் வீடியோவுக்குப் பொதுவாக ஒலியைத் தருவதில்லை. இணையதளத்தில் ‘ஒலிக்கு இங்கே தொடவும்’ என்று ஒரு பட்டன் வைத்தால் போதும்.

குற்றவாளி யார்?

சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் எங்கே பார்ப்பது? ஓ.பி.எஸ்.ஸின் புள்ளிவிவரச் சாளரத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் மூன்று வேறு காரணம். நெட்வொர்க்கால் விடுபட்ட ஃபிரேம்கள் ஏறினால், அப்லோடு போதவில்லை; வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு வாருங்கள், பிட்ரேட்டை அப்லோடு வேகத்தின் பாதிக்குக் கீழே வையுங்கள். என்கோடிங் லேக் ஏறினால், கணினியின் பிராசஸர் திணறுகிறது. ரெண்டரிங் லேக் என்றால் கிராஃபிக்ஸ் கார்டு. மூன்றும் சுழியமாக இருந்தும் புகார் வந்தால், சிக்கல் சர்வரிலோ பார்ப்பவர் பக்கமோதான்.

வீட்டிலேயே சர்வர் வைக்க ஆசையா? ரவுட்டரில் உங்கள் வெளி முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குள் வைத்திருக்கிறது. உலக முகவரிகள் தீர்ந்துபோகும் நிலை வந்ததால் 2012-ல் 41,94,304 முகவரிகளை இதற்கென்றே ஒதுக்கினார்கள். இங்கிருந்து வெளியே அனுப்பலாம். வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. எத்தனை முறை போர்ட் திறந்தாலும் பலிக்காது! வாடகை சர்வர் ஒன்றை எடுத்து, வீட்டிலிருந்து அங்கே அனுப்பினால் தீர்ந்தது.

2020 ஊரடங்கில் மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் கூட்டமில்லாமல் நடந்து, இணையத்தில் நேரலையாகப் போனது. அந்த ஆண்டிலிருந்து காதுகுத்து முதல் கருமாதி வரை கடல் கடந்து பார்க்கும் சொந்தங்கள் நமக்கு உண்டு. ஆகவே லைவ் போடுபவர்களே, ஒரு வேண்டுகோள்: நிகழ்ச்சிக்கு முந்தின நாள், மண்டபத்து வைஃபையில் இல்லாத ஒருவரிடம், செல்போன் டேட்டாவில், ஹெட்ஃபோன் போடாமல் பத்து நிமிடம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.